ஒன்பதாவது வேட்டு

போன மாதம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் பட்டணத்துக் காலேஜில் பாறைகளைப் பற்றிப் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். இப்போது சில இடங்களில் கிணற்றுப் பாறைக்கு வேட்டு வைப்பதற்குக் கம்பியும் பெட்டியும் வந்துவிட்டனவாம். தூரத்தில் நின்று ஒரு பிடியைத் திருகினால் போதுமாம். திரியைக் கொளுத்திவிட்டு ஓடிய காலத்தில் கிணற்றுக்குள் இறங்க உங்களுக்குப் பயமாக இருக்காதா என்று கேட்டார்கள். "இருக்குமுங்க" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார்கள். பிறகு காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டார்கள். வாசலில் வைத்து, எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். நாலாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனால் என் ஆபீசரோடு இருந்த பதினோரு வருஷத்தில் தினமும் நோட்டில் எழுதியதால் பேச்சைவிட எழுத்து எனக்குக் கொஞ்சம் வரும்.

நான் மதுக்கரைப் பக்கத்துக்காரன். ரயில் பாதைக்கு ஜல்லி உடைக்கும் இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். பாறைகளை ஆராய வந்த சர்க்கார் ஆபீசருக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரிந்த கலாசி ஒருவன் வேண்டும் என்று கேட்டு, மேஸ்திரி என்னை அனுப்பினார். கலாசி என்றால் கூடாரம் அடிப்பவன், மூட்டை சுமப்பவன், சொன்ன கல்லை உடைப்பவன். அதில் சேர்ந்தேன். காது மந்தமாகிவிட்டது என்று நாற்பத்தெட்டு வயதில் என்னை வீட்டுக்கு அனுப்பும்வரை அதிலேயே இருந்தேன்.

ஆபீசர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். நல்ல கறுப்பு. தொப்பியும் அரைக்கால் சட்டையும் போட்டிருந்ததால் ஊர்களில் அவரைக் கல்லுத்துரை என்றே சொன்னார்கள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்புச் செய்தால் கேட்ட கேள்வியையே இன்னும் மெதுவான குரலில் இரண்டாவது முறை கேட்பார். அந்த இரண்டாவது முறைக்கு நான் நடுங்குவேன். புதுக் கல்லை உடைத்ததும் நாக்கால் நக்கி ஈரமாக்கிவிட்டுத்தான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். ஈரமானால் நிறம் எடுப்பாகத் தெரியும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, இவர் கல்லைத் தின்கிறவர் என்று என் மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

சேர்ந்த புதிதில், ஒரு கிணற்று மேட்டில் கிடந்த அழகான சிவப்புக் கல் ஒன்றை ஆறு மைல் சுமந்துகொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். "இதன் வேர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. இரண்டாவது முறை மெதுவாகக் கேட்டார். எந்தப் பாறையிலிருந்து வந்தது, அந்தப் பாறை பூமியோடு ஒட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாத கல் அவருக்குக் கல்லே இல்லை. அதைத் தூக்கி வேலிக்கு வெளியே போட்டுவிட்டார். பிறகு நான் கற்றுக்கொண்டேன். வேரோடு இருக்கும் பாறையில்தான் உடைக்க வேண்டும். வெயில் பட்டு மங்கிய மேல்தோல் உதவாது, உள்பக்கம் வேண்டும். உள்ளங்கை அளவுக்குத் தட்டிச் சரிசெய்து, மருந்துக் கடையில் கிடைக்கும் ஒட்டுத் துணியில் எண் எழுதி ஒட்டி, அதே எண்ணை நோட்டிலும் எழுதி, பழைய காகிதத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பையில் வைக்க வேண்டும். ஒட்டிய பிறகுதான் அடுத்த கல்லைத் தொடலாம்.

கொங்கு நாட்டில் அவர் தேடியது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பூமியைத் தோண்டினால் அடியில் இருப்பது முக்கால்வாசி இரண்டு வகைப் பாறைதான். ஒன்றில் கறுப்பும் வெள்ளையுமாக ஜமுக்காளம் போல வரி இருக்கும். அதை வரிக்கல் என்போம். இன்னொன்று வரி இல்லாத சிவப்புக்கல். இவற்றில் எது மூத்தது, சிவப்புக்கல் எப்படி உண்டாயிற்று என்பதுதான் கேள்வி. வரிக்கல்லே பூமியின் ஆழத்தில் வெந்து, வரி அழிந்து, சிவப்புக்கல்லாக மாறிவிட்டது என்று அவருக்கு மேலே இருந்த பெரிய துரை சொல்லிக்கொண்டிருந்தாராம். எங்கள் ஆபீசருக்கு அதில் நம்பிக்கை இல்லை. வரிக்கல் இறுகி வெகு காலம் ஆன பிறகு, உருகிய குழம்பாக வேறொன்று கீழேயிருந்து அதைப் பிளந்துகொண்டு ஏறி ஆறியதுதான் சிவப்புக்கல் என்பது அவர் எண்ணம்.

ஒருநாள் நடந்துகொண்டே எனக்கும் சொன்னார். மற்ற சீமைகளில் பாறைக்குள் சிப்பி இருக்கும், மீன் முள் இருக்கும், அதை வைத்து வயதைச் சொல்லிவிடலாம். இங்கே ஒன்றும் இல்லை. இந்தப் பாறை உண்டானபோது அப்படி ஓர் உயிரும் பூமியில் இருக்கவில்லை. எத்தனை கோடி வருஷம் என்று இன்னும் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. "அதனால் ஒரே வழிதான், மாரப்பா. எது எதுக்குள்ளே நுழைஞ்சிருக்குன்னு பார்க்கணும். நுழைஞ்சது இளையது. இடம் விட்டது மூத்தது" என்றார். அன்று ராத்திரி கூடாரத்துக்குள் வெறும் பாறைமேல் பாயை விரித்துப் படுக்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. புழு பூச்சிகூட இல்லாத காலத்துப் பொருளில் முதுகை வைத்துப் படுக்கிறோம் என்ற நினைப்பே போகவில்லை.

இரண்டு கல்லும் சேரும் எல்லையை மேலே பார்க்க முடியாது. பாறை மக்கி மண்ணாகியிருக்கும். எல்லை மங்கலாக, வரி கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து சிவப்பாக மாறினால் பெரிய துரை சொன்னது சரி. கத்தியால் அறுத்தது போல இருந்து, சிவப்புக்குள் வரிக்கல்லின் உடைந்த துண்டுகளும் மாட்டியிருந்தால் எங்கள் ஆபீசர் சொன்னது சரி. அதைப் பார்க்கப் புதிதாக வெட்டும் கிணறுதான் வழி. அதனால் எந்தத் தோட்டத்தில் கிணறு ஆழப்படுத்தினாலும் நாங்கள் போய் நிற்போம்.

பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவில், சென்னியப்பக் கவுண்டர் என்பவருடைய தோட்டத்தில் அப்படி ஒரு கிணறு. பங்குனி மாதம். ஒன்பதாள் ஆழம் போயும் தண்ணீர் இல்லை. மேட்டில் கொட்டிய கல்லில் வரிக்கல்லும் சிவப்புக்கல்லும் கலந்திருந்ததைப் பார்த்ததும் ஆபீசர் நடையே மாறிவிட்டது. கவுண்டர் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"ஏனுங்க தொரை, கல்லுக்கு வயசு பாத்து என்னங்க பண்றது? கண்ணாலங் கட்டி வெக்கப் போறீங்களா?" என்று கேட்டார். ஆபீசரும் சிரித்தார்.

வேட்டு வைப்பவர் குப்பண்ணன். முப்பது வருஷம் அதே தொழில். அவருக்குக் காது பாதிதான் கேட்கும். அந்தத் தொழில் செய்தவர்களுக்கெல்லாம் அப்படித்தான். அதனால் அவர் வெடிச் சத்தத்தைக் காதால் எண்ணுவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கிணற்று ஓரத்துப் பாறையில் வெறுங்காலை ஊன்றி நிற்பார். கையில் எத்தனை குழியோ அத்தனை கூழாங்கல் வைத்திருப்பார். பாறை ஒரு தரம் அதிர்ந்தால் ஒரு கல் வலது கையிலிருந்து இடது கைக்குப் போகும். வலது கை காலியானால்தான் ஆள் இறங்கலாம். அவர் கால் தப்பாது என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள்.

அன்று ஒன்பது குழி. நாலு குழி கிணற்றின் நடுவில், ஐந்து கிழக்குச் சுவரின் அடியில். குழிக்குள் வெடிமருந்தை இட்டு, மண் வைத்துக் கெட்டித்து, திரிகளை ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு சாண் கூடுதலாக இருக்கும்படி குப்பண்ணன் நறுக்கினார். ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தால்தான் எண்ண முடியும். கொளுத்திவிட்டு அவர் மேலே ஏறி வந்ததும், "வேட்டோய்" என்று கூவினார்கள். எல்லோரும் புளியமரத்துக்குப் பின்னால் போனோம். அவர் மட்டும் ஓரத்திலேயே குனிந்து நின்றார்.

நானும் எண்ணினேன். அது என் வேலை இல்லை. ஜல்லி உடைத்த காலத்துப் பழக்கம். எட்டு வரை வந்தது. பிறகு கொஞ்சம் இடைவெளி. பிறகு ஒரு சத்தம் வந்தது. ஆனால் அது வெடி மாதிரி இல்லை. நிறைந்த நெல் மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி இருந்தது. குப்பண்ணன் கடைசிக் கல்லை இடது கைக்கு மாற்றினார்.

"ஒம்பதும் ஆச்சுங்க" என்றார்.

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. முப்பது வருஷ அனுபவக்காரர், அவருடைய ஊர், அவருடைய ஆட்கள். நான் வெளியூர்க் கலாசி. நாலு பேர் நடுவில் பேசினால் எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிடும். ஒருவேளை என் காதுதான் தப்போ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது தப்பில்லை என்று உள்ளுக்குள் தெரிந்துகொண்டேதான் சொல்லிக்கொண்டேன்.

வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி இறக்கி ஆட்டிப் புகையைக் கலைத்தார்கள். வழக்கமாகக் குப்பண்ணன்தான் முதலில் இறங்கிப் பார்ப்பார். அன்று ஆபீசர் மேலேயிருந்தே கிழக்குப் பக்கம் சிவப்பாக எதையோ கண்டுவிட்டார். எனக்கு வழி விடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். பையோடு நான் பின்னால் இறங்கினேன். சுவரில் கால் வைக்க வெட்டியிருந்த பொந்து ஒவ்வொன்றிலும், இதோ இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்படியே அடிக்கு வந்துவிட்டேன்.

கீழே மருந்து நெடி மூக்கை அடைத்தது. கிழக்குச் சுவரிலிருந்து கட்டில் அளவுக்கு ஒரு பலகைக் கல் பெயர்ந்து, சுவர் அடியில் மல்லாந்து கிடந்தது. ஆபீசர் அதன்மேல் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். விரலை நக்கி ஈரமாக்கிக் கல்லில் தேய்த்தார்.

"மாரப்பா, வந்து பார்" என்றார். அவர் குரல் நடுங்கிற்று. சந்தோஷத்தில் நடுங்கிற்று.

பார்த்தேன். அந்தக் கல்லில் வரிக்கல் பாதி, சிவப்புக்கல் பாதி. நடுவில் எல்லை கத்தியால் கீறியது போல இருந்தது. சிவப்புக்குள் வரிக்கல்லின் இரண்டு துண்டுகள், ஒன்று கையளவு, ஒன்று அதைவிடச் சிறியது. வரிக்கல் பாதியில் வரி நெட்டாக ஓட, அந்தத் துண்டுகளில் குறுக்காகத் திரும்பியிருந்தது. உடைந்து, மிதந்து, திரும்பி, அப்படியே உறைந்துபோனவை. எனக்குக்கூட விளங்கிற்று. அவர் ஆறு வருஷமாகத் தேடியது அதுதான்.

ஆனால் என் கண் அதில் நிற்கவில்லை. வெடித்த குழி சுவரிலோ தரையிலோ பாதிக் குழாய் போலத் தடம் விட்டுப் போகும். உள்பக்கம் புகை படிந்திருக்கும். நான் அவற்றை எண்ணினேன். நடுவில் நாலு. சுவர் அடியில் நாலு. திரும்ப எண்ணினேன். திரும்பவும் எட்டு. சுவர் அடியில் கடைசிக் குழி இருந்த இடத்தில்தான் அந்தப் பலகைக் கல் கிடந்தது. அதன் விளிம்பில் கருகிய திரி ஒன்று மெல்லிய கோடாகத் தரையில் ஓடி, கல்லுக்கு அடியில் போய் மறைந்திருந்தது.

எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. எட்டாவது வேட்டு சுவரை அசைத்துவிட்டது. ஒன்பதாவது வெடிக்கும் முன்பே கல் விழுந்து திரியை நசுக்கிவிட்டது. நெருப்பு அங்கேயே அணைந்துவிட்டதா, இன்னும் உள்ளே ஊர்ந்துகொண்டிருக்கிறதா, யாருக்குத் தெரியும்?

ஆபீசர் மூலையில் ஒரு துண்டு எடுக்கச் சுத்தியலை ஓங்கினார்.

நான் சுத்தியலைப் பிடித்துக்கொண்டேன். இரும்பையே கையால் பிடித்தேன். மேலதிகாரியின் கையிலிருக்கும் சுத்தியலைப் பிடிப்பது என்பது அந்தக் காலத்தில் வேலையே போகிற காரியம்.

"விடு" என்றார். நான் விடவில்லை. "விடு" என்று இன்னும் மெதுவாகச் சொன்னார்.

"எட்டுதானுங்க" என்றேன்.

"என்ன எட்டு?"

"வேட்டுங்க. எட்டுதான் வெடிச்சுது. ஒம்பதாவது உங்க முட்டிக்கு அடியில இருக்குதுங்க."

அவர் கீழே பார்த்தார். நான் காட்டிய திரியைப் பார்த்தார். குதித்து ஓடவில்லை. ஒரு முழங்காலைத் தூக்கி வைத்தார், பிறகு மற்றதை. தூங்குகிற ஆளின் பக்கத்திலிருந்து எழுந்து போவது போல இறங்கினார். சுத்தியலைத் தரையில் வைக்காமல் இடுப்பில் செருகினார். என்னை முதலில் ஏறச் சொன்னார். என்னால் காலைத் தூக்க முடியவில்லை. அவரே என் பாதத்தைப் பிடித்து முதல் பொந்தில் வைத்துவிட்டார். ஒன்பதாள் உயரம். ஒவ்வொரு பொந்துக்கும் கீழேயிருந்து பூமி எழும்பப் போகிறது என்று முதுகு காத்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கீழே அவர் ஏறி வந்துகொண்டிருந்தார். எழும்பினால் முதலில் அவருக்குத்தான்.

மேலே வந்து ஆபீசர் விஷயத்தைச் சொன்னதும் குப்பண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கவர்மெண்டு காதுக்கு மட்டுந்தேன் கேட்குமாக்கும். முப்பது வருசமா எங்கால் பொய் சொன்னதில்லீங்க. இந்தாளு பயத்துல ஒளறுறாப்ல" என்றார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள்.

ஆபீசர் கிணற்று ஓரத்துக்கு அவரை அழைத்துப் போய்த் திரி போன இடத்தைக் கைநீட்டிக் காட்டினார். குப்பண்ணன் வெகு நேரம் எட்டிப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இடது கையை விரித்து அந்த ஒன்பது கூழாங்கல்லையும் பார்த்தார்.

"கல்லு உழுந்ததுங்க" என்றார். "கல்லு உழுந்ததையும் எண்ணிப்போட்டனுங்க."

அப்புறம் அன்று யாரும் இறங்கவில்லை. அந்த மாதிரிக் குழியைத் தோண்டி எடுக்கக் கூடாது, தட்டக் கூடாது. விட்டுவைத்து, மறுநாள் மேலேயே மருந்து வைத்துச் சேர்த்து வெடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் அந்தப் பலகைக் கல் தூளாகிவிடும். கயிறு கட்டி மெதுவாக இழுத்து ஒரு பக்கம் நகர்த்த முடியுமா என்று ஆபீசர் ஒரே ஒரு தரம் கேட்டார். இழுத்தாலும் உரசல்தான், அடித்தாலும் உரசல்தான் என்றார் குப்பண்ணன்.

"அப்போ உடைச்சிருங்க" என்றார் ஆபீசர்.

மறுநாள் காலையில் குப்பண்ணனே இறங்கினார். வேறு யாரையும் விடவில்லை. பலகைக் கல்லின்மேல் மருந்தை வைத்துச் சேற்றால் மூடி, நீளத் திரி விட்டுக் கொளுத்திவிட்டு வந்தார். வெடித்தது. அதோடு சேர்ந்தே, மூச்சு விடும் நேரம்கூட இல்லாமல், அடியிலிருந்து இரண்டாவது வெடித்தது. ஒன்பதாவது அவ்வளவு நேரமும் உயிரோடுதான் இருந்திருக்கிறது. கிழக்குச் சுவரில் பாதி சரிந்தது. அந்தச் சரிவுக்கு நடுவிலிருந்து தண்ணீர் பீறிட்டு வந்தது. கவுண்டர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். அவர் வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஓராள் ஆழம் தண்ணீர் நின்றது. எல்லை இருந்த இடம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. மேலே வந்த சில்லுகளில் எங்களுக்கு வேண்டியது ஒன்றும் இல்லை.

ஆபீசர் நோட்டை வாங்கி, கண்டதை வரைந்து, பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதினார். என்ன என்று கேட்டேன். பார்த்தது, எடுக்கவில்லை என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். கல் இல்லாமல் பெரிய துரை ஒப்புக்கொள்ளமாட்டார் என்றும் சொன்னார். அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

கூடாரத்துக்குத் திரும்பியதும் என்னைக் கூப்பிட்டார். நான் உயிரைக் காப்பாற்றியதாகச் சொல்வார் என்று நினைத்தேன். அதை வாங்கிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது.

"எட்டுதான்னு உனக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டார்.

இரண்டாவது முறை கேட்டார்.

"மேலயே தெரியுமுங்க. எறங்கறதுக்கு முன்னாலயே."

அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழ வேண்டும் போல இருந்தது எனக்கு. அவர் இறந்திருந்தால் குப்பண்ணன் எண்ணியது தப்பு என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். எட்டு என்று எனக்கு முன்பே தெரியும் என்பது என் ஒருவனோடு போயிருக்கும்.

"நீ மேலே சொல்லியிருந்தாலும் நான் இறங்கியிருப்பேன்" என்றார் கடைசியில். "குப்பண்ணன் கையைத்தான் பார்த்திருப்பேன். உன் பேச்சைக் கேட்டிருக்கமாட்டேன். அது என் தப்பு. சொல்லாதது உன் தப்பு. இரண்டையும் சேர்த்துத்தான் சரிசெய்யணும்."

வேலையை விட்டுப் போகச் சொல்கிறார் என்றே நினைத்தேன். ஆனால் மறுநாளும் பையை என்னிடமே கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து அந்தியூர்ப் பக்கம் ஒரு கிணற்றுக்குப் போனோம். ஆறு குழி. அங்கே வேட்டு வைப்பவர் வேறு ஆள். காது நன்றாகக் கேட்கும். ஆறும் வெடித்தன, இறங்கலாம் என்றார். தோட்டக்காரர், அவருடைய ஆட்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஆபீசர் கயிற்றுப் பக்கம் போகவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"மாரப்பன் எத்தனைன்னு சொல்லட்டும்" என்றார்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பின. வேட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. யாரோ என்னைப் பார்த்து, இது ஊமையோ என்று கேட்டார்கள். நானும் ஆறுதான் எண்ணியிருந்தேன். இருந்தும் பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றேன். ஆபீசர் அவசரப்படவில்லை. வெயிலில் உட்கார்ந்தே இருந்தார். நான் சொல்லாவிட்டால் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரிந்தது.

"ஆறுங்க" என்றேன்.

அவர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். அதுவரை என் பயம் என்னைப் பற்றியதாகவே இருந்திருக்கிறது. திட்டுவார்களோ, சிரிப்பார்களோ, செத்துப்போவேனோ என்று. இப்போது ஒரு மனிதர் என் ஒற்றைச் சொல்லின்மேல் காலை வைத்து இறங்குகிறார். அந்த மாதிரிப் பயத்தை நான் அதற்கு முன்பு அறிந்ததில்லை. பிறகு பல கிணறுகளில் சொன்னேன். ஒரு தரம்கூட அது குறையவில்லை. போன மாதம் வந்து, பயமாக இருக்காதா என்று கேட்டவர்களுக்கு அதுதான் பதில். அன்று அவர் தொப்பி கிணற்று விளிம்புக்குக் கீழே மறையும்வரை, சரிதானா, சரிதானா என்று வெடித்து முடிந்த வேட்டுகளை மனத்துக்குள் மறுபடியும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.